பிரிட்டனின் கிராமத்து நடை விழாக்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஐல் ஆஃப் வைட் தீவு, வேல்ஸில் கிரிக்கௌவல், யார்க்‌ஷரில் ரிச்மண்ட் என்று பிரிட்டனின் பல கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் நடை விழா நடக்கிறது. சில நாட்களோ ஒரு வாரமோ, ஒரு சிற்றூரை மையமாக வைத்துத் தினமும் பல குழுக்கள் காலையில் கிளம்பும். மூன்று மைலில் பறவை பார்த்துத் திரும்பும் நடை இருக்கும். நாள் முழுக்க மலைமேல் போகும் பன்னிரண்டு மைல் நடையும் இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டி உண்டு. பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்காரர், சம்பளம் வாங்காமல் வருபவர். கட்டணம் சில பவுண்டுகள்தான். பல நடைகளுக்கு அதுவும் கிடையாது.

லண்டனிலும் லெஸ்டரிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கோடையில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த நடைகளில் நம்மவர்களை அரிதாகத்தான் பார்க்கிறேன். அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம். அது தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொது நடைவழிகள் உள்ளன. அவற்றில் நடக்க நிறமோ குடியுரிமையோ சொத்தோ யாரும் கேட்பதில்லை. இந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைப் பறவைகளுக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். நடைவழிகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1949-இல் வந்தது. மேட்டு நிலங்களிலும் புதர்வெளிகளிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம் 2000-இல் வந்தது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பாதை பொது, பாதை போகும் நிலம் ஒரு விவசாயியின் பிழைப்பு. அவருடைய பயிருக்கும் ஆட்டுக்கும் நடுவேதான் நாம் போகிறோம்.

பதிவு செய்யும்போது

தூரத்தை மட்டும் பார்த்து நடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர், எங்கும் நிற்காமல் போனால். குழுவாகப் போகும்போது இதைவிட மெதுவாகத்தான் நகரும். தினமும் பார்க்கில் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் அப்பாவுக்கு, கணுக்கால் புதையும் சேற்றில் ஐந்து மைல் என்பது வேறு விஷயம். முதல் முறை என்றால் ‘ஈஸி’ என்று போட்டிருப்பதையே எடுங்கள். அது லேசாக இருந்தால் மறுநாள் ‘மாடரேட்’ போகலாம்.

வேலிகளைத் தாண்ட எத்தனை இடத்தில் மரப்படி ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இங்கே வயலுக்கும் வயலுக்கும் இடையே இரண்டு மூன்று பலகைகளைக் குறுக்காக அறைந்து, மனிதர் ஏறலாம், ஆடு ஏற முடியாது என்ற வகையில் படி வைத்திருப்பார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பத்து வேலிப்படி என்பது பத்து சோதனை. படியே இல்லாத நடைகளும் பல விழாக்களில் உண்டு; கேட்டால் சொல்வார்கள்.

வழியில் கழிப்பறை உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பெரும்பாலும் கிளம்பும் இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் வராமல் இருக்காதீர்கள். ஒரு நடைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் இடத்துக்காக யாரோ காத்திருப்போர் பட்டியலில் இருப்பார். அதோடு, பதிவு செய்தவர் வரும் வழியில் எங்காவது மாட்டிக்கொண்டாரோ என்று வழிகாட்டி மலையடிவாரத்தில் தவித்துக்கொண்டு நிற்பார்.

பஸ்ஸை நம்பிப் போவதென்றால் திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். கிராமத்து பஸ் ஒரு நாளைக்கு இரண்டே முறை வருவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை வராமலே போவதும் உண்டு.

உடுப்பும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்று பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி பனியனும் அப்படியே. ஓட்டப் பயிற்சிக்குப் போடும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் ஒரு ஃப்ளீஸ், அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டால் வேண்டும்போது கழற்றலாம், வேண்டும்போது மாட்டலாம். காலையில் வெயில் அடிக்கிறதே என்று மழை ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அம்மாக்கள் சுடிதாரில் தாராளமாக வரலாம். துப்பட்டாவை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள். வேலிப்படிக்குப் பக்கத்திலேயே முள்கம்பி ஓடும். ஏறி இறங்கும்போது அதில் சிக்கினால் விழுந்துவிடுவீர்கள். இதே காரணத்தால் புடவையும் வேண்டாம்.

கோடையிலும் முழுக்கால் பேன்ட்தான். பாதை ஓரத்தில் வளரும் நெட்டில் செடி நம்மூர்க் காஞ்சொறி மாதிரி, பட்ட இடம் தடித்து எரியும். உண்ணிக்கும் முழுக்கால் பேன்ட்டே காப்பு.

புது பூட்ஸை விழா அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கித் தெருவில் நடந்து பழக்குங்கள்.

குழுவுக்குள்

முன்னால் வழிகாட்டி, கடைசியில் ‘பேக்மார்க்கர்’ என்கிற பின்காவலர். இந்த இருவருக்கும் நடுவில்தான் எல்லோரும் இருக்க வேண்டும். கிளம்பும்போது தலை எண்ணுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்ப எண்ணுவார்கள். எண்ணும்போது இடம் மாறிக்கொண்டே இருக்காதீர்கள்.

வழிகாட்டியை முந்தாதீர்கள். எவ்வளவு வேகமாக உங்களால் நடக்க முடிந்தாலும் சரி. அடுத்த திருப்பத்தில் அவர் இடப்பக்கம் திரும்பும்போது நீங்கள் நேராகப் போயிருப்பீர்கள். உங்களைத் தேடிக் குழு முழுவதும் நிற்கும்.

பின்தங்கினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி வராதீர்கள். நம் பெற்றோர் இதைத்தான் செய்கிறார்கள். “எங்களால எல்லாருக்கும் லேட்டாகுது” என்று மூச்சு வாங்க எட்டிப் பிடிப்பார்கள். அவர்கள் வந்து சேர்ந்த அந்த நொடியே முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கிளம்பிவிட்டால், யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்கு ஓய்வே இல்லை. நல்ல வழிகாட்டி கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடம் நின்ற பிறகே கிளம்புவார். அப்படிச் செய்யாத வழிகாட்டியிடம் “இன்னும் இரண்டு நிமிடம் நிற்கலாமா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பக்கத்தில் இருப்பவருக்காகவும் கேட்கலாம். குழுவாக நடப்பதென்றால் கடைசியில் வருபவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். இதை ஏற்க முடியாதவர் தனியாக நடக்கலாம். அவருக்கும் அதே பாதைகள் திறந்துதான் கிடக்கின்றன.

சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் கிளம்பும் முன் வழிகாட்டியிடம் தனியாகச் சொல்லுங்கள். யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்போ சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் நடக்கும் நாளில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். முதுகுப்பையைக் கழற்றித் தேட அப்போது நேரமிருக்காது.

பாதியில் திரும்ப வேண்டுமா? சொல்லிவிட்டுத் திரும்புங்கள். புதருக்குப் பின்னால் ஒதுங்குவதானாலும் பின்காவலரிடம் ஒரு வார்த்தை. அவர் நின்று காத்திருப்பார், அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டார்.

வழிகாட்டி நின்று பேசும்போது அருகே போய்க் கேளுங்கள். ஒரு நடை விழாவின் பெரிய செல்வம் இதுதான். எந்த வீட்டில் பால் பண்ணை இருந்து மூடப்பட்டது, எந்தச் சுவர் எந்தக் காலத்தில் யாருக்காகக் கட்டப்பட்டது, வானம்பாடி எந்தப் புல்லில் முட்டையிடும் என்பதையெல்லாம் அந்த ஊரில் வாழ்ந்தவர் வாயால் கேட்கலாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தமிழில் நமக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பது அழகல்ல. நடக்கும்போது தமிழில் பேசுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் பக்கத்தில் நடப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எதிரே வருபவருக்கு ஒரு “மார்னிங்” சொல்லுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வைக்காதீர்கள், இளையராஜாவே ஆனாலும்.

வேலி, கதவு, பயிர்

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் மூடுங்கள்; திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். ஆடுமாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போவதற்காக விவசாயி வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார். நல்லது செய்வதாக எண்ணி அதை மூடிவிட்டால் வெயில் நாளில் மந்தை தவிக்கும். குழுவில் இந்தப் பொறுப்பு கடைசியில் வருபவருடையது. பின்னால் யாரோ மூடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் யாரும் மூட மாட்டார்கள். அதனால் உங்கள் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டே நகருங்கள்.

பூட்டிய கதவில் ஏற வேண்டி வந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கதவு தொங்கிவிடும்.

கற்சுவர்மேல் ஏறவே ஏறாதீர்கள். சாந்து இல்லாமல், கல்லின்மேல் கல்லைப் பொருத்தியே கட்டிய சுவர்கள் அவை. ஒரு கல் உருண்டால் அந்த இடமே சரியும். திரும்பக் கட்டக் கைத்தேர்ச்சி உள்ளவர் வர வேண்டும்.

வயலின் நடுவே பாதை போனால் நடுவிலேயே போங்கள், ஒருவர் பின் ஒருவராக. பயிரை மிதிக்கக்கூடாதே என்று நமக்குத் தயக்கம் வரும், நல்ல மனசுதான். ஆனால் பாதை அந்தக் கோட்டில்தான் சட்டப்படி இருக்கிறது. உழுது விதைத்த விவசாயி 14 நாட்களுக்குள் பாதையைத் திரும்பக் காட்ட வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பயிருக்கு வலிப்பது இரண்டு பேர் மூன்று பேராகப் பேசிக்கொண்டு அகலமாக நடப்பதால்தான். சேற்றைத் தவிர்க்க ஓரம் ஓரமாகப் போவதும் அப்படியே. ஆண்டுக்கு ஆண்டு பாதை அகன்று, புல் செத்துப்போகும். பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள், சேற்றிலேயே நடங்கள்.

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான வழி. நீல அம்பில் குதிரையும் சைக்கிளும் வரும். குதிரை வந்தால் ஒரு பக்கமாக எல்லோரும் ஒதுங்கி, மெதுவாகப் பேசிக்கொண்டே நில்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது மிரளாது.

மே மாதத்தில் காட்டுத் தரையெங்கும் நீலமாகப் பூக்கும் புளூபெல் நடுவே குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். பூவைவிட இலைக்குத்தான் கேடு. மிதிபட்ட இலை வெயிலை வாங்கிக் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாமல் செடி நலியும். பாதையில் நின்றே எடுங்கள், பின்னணி நீலம் அதில் வராமலா போகும்?

ஐல் ஆஃப் வைட்டின் டென்னிசன் டவுன் போன்ற சுண்ணாம்புப் பாறைக் கரைகளில் விளிம்புக்குப் போகவே போகாதீர்கள். மேலே பசும்புல் தெரியும், அடியில் பாறை அரித்துப் போயிருக்கும். நிற்பவருக்கு அது தெரியாது.

மாடும் ஆடும்

பசுவைக் கண்டால் தொட்டுக் கும்பிடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே வேண்டாம். நம் வீட்டுக் கொல்லையில் நின்ற பசு நாள்தோறும் மனிதர் கை பட்டு வளர்ந்தது. இந்த மேய்ச்சல் வயல்களில் கன்றோடு திரியும் மாடுகள் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. பால் கறக்கும் கைகூடப் பட்டிருக்காது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே ஆள் வந்தால் தாய் பாயும். பிரிட்டனில் வயலில் நடப்பவர்கள் மாடு மிதித்து இறப்பது அரிதாக நடந்தாலும் நடக்கத்தான் செய்கிறது. கன்றோடு இருக்கும் மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். குழு சிதறாமல் சேர்ந்து, சத்தமில்லாமல், சீரான நடையில். இளங்கன்றுகள் கூட்டமாக ஓடி வந்தால் பெரும்பாலும் தீனி கொண்டுவந்தீர்களோ என்ற ஆவல்தான். ஓடாதீர்கள். நின்று, திரும்பி, கையை அகல விரித்தால் நின்றுவிடும்.

குழுவில் நாய் இருந்தால் வயலில் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆனால் மாடு துரத்தினால் உடனே நாயை விட்டுவிடுங்கள். மாட்டுக்குக் கோபம் நாய்மேல்தான். நாய் ஓடித் தப்பிக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரால் அது முடியாது.

நாய்க் கழிவைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மேய்ச்சல் புல்லில் அது கலந்தால் அதிலுள்ள ஒட்டுண்ணியால் பசுக்களுக்குக் கரு கலையும். பையைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுப் போவது அதைவிட மோசம்.

கருவுற்ற பெண்கள் ஆடு குட்டி போடும் வசந்த காலத்தில் ஆட்டையும் குட்டியையும் தொடவே கூடாது. தொழுவத்துக்கு அழைத்துப் போகும் நடைகளையும் தவிருங்கள். ஈன்ற ஆட்டிலிருந்து வரும் சில தொற்றுகள் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். உடன் வருபவர் குட்டியைத் தூக்கிக் கொஞ்சியிருந்தால் அவர் துணியும் கையும்கூட ஆபத்துதான்.

ஓர் ஆடு நான்கு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தால் விளையாடுகிறது என்று எண்ணிக் கடந்து போகாதீர்கள். சினையாட்டுக்கும் கம்பளி கனத்த ஆட்டுக்கும் தானாகப் புரண்டு எழ முடியாது. அப்படியே கிடந்தால் செத்துப்போகும். வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அவர் புரட்டி நிறுத்துவார், அல்லது பண்ணைக்காரரை அழைப்பார்.

குதிரைக்கும் ஆட்டுக்கும் எதுவும் ஊட்டாதீர்கள், கேரட் துண்டுகூட.

தார் ரோட்டில்

கிராமத்து ரோட்டில் பெரும்பாலும் நடைபாதை இருக்காது. தனியாக நடப்பவர் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் ஹைவே கோட். ஏற்பாடு செய்யப்பட்ட பெரிய குழு இடப்பக்கம் நடக்க வேண்டும் என்றும், முன்னும் பின்னும் ஒளிரும் சட்டை போட்ட ஆள் வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. எனவே எந்தப் பக்கம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்; வழிகாட்டி சொல்வதே முடிவு. பாதிக் குழு இந்தப் பக்கமும் பாதிக் குழு அந்தப் பக்கமும் நின்றால் கார் ஓட்டுபவர் திணறிப்போவார். வண்டியைப் பார்த்தவர் குரல் கொடுங்கள். கேட்டவர் அடுத்தவருக்குக் கடத்துங்கள்.

சாப்பாடு

எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ இட்லி மிளகாய்ப்பொடியோ தாராளமாகக் கொண்டு போங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். வாங்கும் முன் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பார்கள், முந்திரி, வேர்க்கடலை போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். ஆரஞ்சுத் தோலும் வாழைப்பழத் தோலும் மட்கிவிடும் என்று வீசாதீர்கள். இந்தக் குளிரில் அவை வெகுநாள் கிடக்கும்.

பப்பில் நிறுத்தினால் சேற்று பூட்ஸை வாசலிலேயே கழற்றுங்கள். அவர்கள் மேசையில் உங்கள் டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு டீயாவது வாங்குங்கள். நடப்பவர்களின் வரவால்தான் பல கிராமத்து பப்களும் கடைகளும் மூச்சு விடுகின்றன.

ஏதாவது நேர்ந்தால்

முதலில் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். அவரே விழுந்துவிட்டால் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். மலைப்பகுதியில் போலீஸைக் கேட்டு, பிறகு ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று சொல்ல வேண்டும். அவர்களும் ஊதியம் இல்லாத தன்னார்வலர்கள்தான். கூப்பிடுவதற்குக் கட்டணம் கிடையாது. விசா என்னவென்று கேட்பார்களோ என்றெல்லாம் தயங்காதீர்கள். பேச சிக்னல் இல்லாத இடத்திலிருந்து குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். அதற்கு வீட்டிலிருக்கும்போதே ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை 999-க்கு ஆங்கிலத்தில் அனுப்பி எண்ணைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊதுங்கள்.

வீடு திரும்பியபின்

அன்று இரவே உடம்பில் உண்ணி பாருங்கள்: முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும். கண்டால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி காட்டுவது எதுவும் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிப் படை பரவினால், அல்லது காய்ச்சல் போல வந்தால், டாக்டரிடம் உண்ணிக் கடியைச் சொல்லியே காட்டுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் எடுத்தால் குணமாகும். நம் நிறத் தோலில் அந்தப் படையின் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதால் கூடுதலாகக் கவனியுங்கள்.

வழியில் உடைந்த வேலிப்படி, முள் மூடிய பாதை, அம்புக்குறி பிடுங்கப்பட்ட கம்பம் எதையாவது பார்த்திருந்தால் படமும் இடமும் சேர்த்து அந்த வட்டாரத்தின் கவுன்சிலுக்கு எழுதுங்கள். நடைவழிகளைத் திறந்து வைத்திருக்கும் சட்டக் கடமை கவுன்சிலுடையது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. விழாவுக்கு வந்து போனவரும் எழுதலாம்.